பின்னாடி ஒண்ணு

1

"இன்னாய்யா நாடகம் போடறானுங்க? போன வருசம் மேடையில அடுப்பு எரிஞ்சுது. இந்த வருசம் பாக்கறவன் கண்ணுதான் எரியுது."

"உனக்கு வடை குடுத்தாத்தான் நாடகம். கதைன்னு ஒண்ணு கீதே, அது தெரியுதா?"

"இன்னா கதை? எட்டு வாரம் அந்தப் பொண்ணு அழுவப்போறா. அதை நான் டிக்கெட் வாங்கினு பாக்கணுமா? என் வூட்டுலயே ஓசியில நடக்குது."

"நேத்து நீ கண்ணத் தொடச்சதைப் பாத்தேன் அண்ணாத்த."

"அது பெட்ரோமாக்ஸ் புகை."

1955ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டில் பட்டாபிராமன் ஓட்டலில் நடந்த சண்டை இது. அதற்கு மேல் பெஞ்சு ஒன்று சாய்ந்தது, ஒரு டம்ளர் உருண்டது, பட்டாபிராமன் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "நாடகத்தை நாடகக்காரன்கிட்டப் போய்ச் சொல்லுங்கோ, என் பெஞ்சு என்ன பண்ணித்து?" என்றார்.

நான் அங்கே இல்லை. என்னைப் போன்ற குடும்ப ஸ்திரீகள் ஓட்டலில் போய் உட்காரும் வழக்கம் அப்போது இல்லை. ஆனால் ஓட்டலின் சமையல்கட்டுக்கும் எங்கள் கிணற்றடிக்கும் நடுவே ஒரு கீற்றுத் தட்டிதான் இருந்தது. தட்டி ஆளை மறைக்கும். பேச்சை மறைக்காது.

ஏன் சண்டையிலிருந்து ஆரம்பித்தேன் என்றால், என் பங்கைச் சொல்வதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, அந்த நாடகம், பிறகு நடந்தது எல்லாம் என் வாயிலிருந்து புறப்பட்டவை. என் பெயர் பர்வதம். மூன்று வருஷம் கழித்து, வாயால் செய்ததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன்.

2

வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்த வாக்கியங்கள்:

செங்கமலம் என்று ஒரு பெண். இருபத்துநாலு வயது. அவள் முகத்தில் ஒரு —

(முகத்தை நான் அப்போதெல்லாம் சரியாகப் பார்த்ததே இல்லை. தட்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு. அதன் வழியே தெரிந்தது அவளுடைய வலது கை. காப்பி அடுப்பு. அதற்கப்பால் வாசற்படி வழியாக ஓட்டலின் கடைசி பெஞ்சு. அவ்வளவுதான் என் உலகம். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு ஊருக்கே கதை சொன்னேன்.)

ஓட்டல் என்பது ஒரு ஊரின் மனசாட்சி போல —

(இதை அடித்துவிட்டேன். ஓட்டல் ஓட்டல்தான்.)

ஆகவே பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். செங்கமலம் பட்டாபிராமனின் தங்கை. தாய் தகப்பன் இல்லை. அண்ணா ஓட்டலில் காப்பி அடுப்பு அவள் பொறுப்பு. கடைசி பெஞ்சில் தினமும் நாலரை மணிக்கு வந்து உட்காருபவர் சாலமோன், மிஷன் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். குடையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, அதன் கைப்பிடியில் மோவாயை வைத்துக்கொண்டிருப்பார். அவர் அப்பா பரனூர்ப் பக்கம் யாரோ ஒருவருடைய நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் சட்டைப் பையில் பவுண்டன் பேனா வைத்திருந்தார்.

சப்ளையர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். "ஒண்ணு" என்றால் செங்கமலத்தின் கை ஒரு கரண்டி சர்க்கரை போடும். "பின்னாடி ஒண்ணு" என்றால் ஒரு கரண்டி போட்டு, கொஞ்சம் நின்று, இன்னொரு கரண்டி போடும்.

பின்னாடி உட்கார்ந்திருப்பவர் சாலமோன்.

எனக்கு இது போதாதா?

3

வெங்கடராகவன் எனக்குத் தம்பி முறை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. குமாஸ்தாக்களாகச் சேர்ந்து ஒரு சபா வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் சித்திரையில் தொடங்கி எட்டு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடகம். ஒரே கதை, வாரத்துக்கு ஒரு பாகம். 1954இல் புதிதாக என்ன எழுதுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் சொன்னேன். "ஒரு ஓட்டல்ல ஒரு பொண்ணுடா. யார் எவர்னு கேக்காதே" என்றுதான் சொன்னேன். பெயரைச் சொல்லாததைப் பெரிய யோக்கியதையாக நினைத்திருந்தேன்.

அதுதான் 'மங்கள விலாஸ்'. நாடகத்துப் பெண்ணின் பெயர் மங்களம். திரைக்குப் பின்னால் காப்பி போடுவாள். கடைசி பெஞ்சு ஆளுக்குச் சர்க்கரை அதிகம். அவனுக்கு ஏன் என்று தெரியாது. மேடையில் நிஜ அடுப்பு, நிஜ எண்ணெய், முதல் மூன்று வரிசைக்கு நிஜ வடை. வடை பட்டாபிராமன் உபயம். எட்டாவது ஞாயிறு, அவன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கித் திரைப் பக்கம் பார்ப்பான். அவ்வளவுதான், படுதா விழுந்தது. கொட்டகை விசிலடித்தது. அந்த வருஷம் செங்கல்பட்டில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் "என்னா, சக்கரை தூக்கலா கீது?" என்று கேட்டார்கள். பட்டாபிராமனே கேட்டார், அவர் மனைவி ருக்மிணியிடம். நான் கேட்டேன், தட்டி வழியாக.

அடுத்த வருஷம் தொடர்ச்சி வேண்டும் என்று ஊர் கேட்டது. வெங்கடராகவன் என்னிடம் வந்தான்.

"அக்கா, அப்புறம் என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. அவள் காப்பி போட்டாள், அவர் குடித்தார், மழை பெய்தது, பள்ளிக்கூடம் விட்டது. ஆனால் வம்பு பேசுகிறவளிடம் "அப்புறம்?" என்று கேட்டால் அவள் "ஒண்ணும் ஆகலை" என்று எப்படிச் சொல்வாள்? அது சமைக்கிறவளிடம் இலையை நீட்டினால் வெறும் கையை உதறிக் காட்டுகிற மாதிரி.

அந்தத் தை மாதம் நடந்தது ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமாகாதவர்கள் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது தரம் சுற்றி, மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டி வைப்பார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய் அந்தக் காய்ந்த மாலையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். செங்கமலம் அதற்குத்தான் போனாள். மகாபலிபுரம் வரை பஸ், அப்புறம் கால்வாய்ப் படகு. அதே பஸ்ஸில் சாலமோனும் ஏறினார். அவருடைய அக்காவை மகாபலிபுரத்துப் பக்கம் கொடுத்திருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே பஸ்ல மகாபலிபுரம் போனாடா" என்றேன்.

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அந்த பஸ்ஸில் பட்டாபிராமனும் ருக்மிணியும் அவர்களுடைய நாலு குழந்தைகளும் இருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. பட்டாபிராமனின் மடியில் புளியோதரைத் தூக்கு இருந்தது என்பதைக்கூடச் சொல்லவில்லை.

4

ஆகவே இரண்டாம் வருஷம் மங்களம் கடைசி பெஞ்சு ஆளோடு மகாபலிபுரம் போனாள். கடலும் கல்தேரும் எழுதிய புதுப் படுதா வந்தது. அடுப்பு போய்விட்டது. வடை போய்விட்டது. பழைய கதாநாயகனுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆகிவிட்டதால் தந்தி ஆபீஸ் உலகநாதனைப் போட்டார்கள். மங்களம் வாராவாரம் அலையைப் பார்த்து அழுதாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. நான் முதலில் எழுதிய சண்டை அதுதான்.

"அழுகைதான் ஒசத்தி. போன வருஷம் வெறும் தீனி" என்று வக்கீல் வீட்டில் சொன்னார்கள். "ஆளை மாத்திட்டான், இந்த ஆளு தந்தி அடிக்கற மாதிரியே பேசறான்" என்று ஸ்டேஷன் பக்கம் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரர், "அந்தப் பொண்ணு ஏன் ஓட்டலை விட்டுப் போகணும்? அங்கேதானே அவளுக்கு வேலை?" என்றார். அவர் எப்போதாவதுதான் பேசுவார், பேசினால் இப்படி ஏதாவது.

(இங்கே கட்டுரை மாதிரி ஒரு பத்தி எழுதியிருந்தேன். முதல் வருஷம் அந்தச் சர்க்கரைக்கு அர்த்தம் சொன்னது பார்த்தவர்கள்தாம். இரண்டாம் வருஷம் நாடகமே அர்த்தத்தைச் சொல்லிவிட்டது. தங்கள் கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கிக்கொண்ட கோபம் ஜனங்களுக்கு என்று. நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் செங்கமலத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதால் எடுத்துவிட்டேன்.)

செங்கமலம் நாடகத்தைப் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் கூட்டம் அதிகம். ஆறாவது வாரம் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"மாமி, அந்த மங்களம் இப்போ என்ன பண்றா?"

"கஷ்டப்படறாடி."

"ஏன் மாமி? போன வருஷம் நன்னாத்தானே காப்பி போட்டுண்டிருந்தா?"

முதல் பிரதியில் இந்த இடத்தில் 'என்று சிரித்தாள்' என எழுதினேன். பிறகு 'என்று பெருமூச்சு விட்டாள்' என்று மாற்றினேன். இரண்டையும் அடித்தேன். எனக்குத் தெரிந்தது கை மட்டும். கை டிகாஷன் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மதுராந்தகத்து ஸ்ரீனிவாசராகவன், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு. ஆனி மாதம் முகூர்த்தம். அதற்கு முன் மூன்று ஜாதகங்கள் வந்து, பொருந்தாமல் போயிருந்தன. "மாலை வேலை செஞ்சுடுத்து பர்வதம்" என்று ருக்மிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இது தவறினால் அடுப்படிதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தட்டிக்கு அப்பாலிருந்த கைக்கும் தெரியும்.

5

எட்டாவது ஞாயிற்றுக்கிழமை பகல் வெங்கடராகவன் ஓடிவந்தான். கடைசிக் காட்சியில் கதாநாயகன் கடற்கரையில் தனியாக நிற்கிறான். அவன் கையில் மங்களத்தின் டம்ளர். ஒத்திகையில் வைத்திருந்த பித்தளை டம்ளர் வெளிச்சத்தில் மின்னவில்லையாம்.

"எவர்சில்வரா ஒண்ணு கொடு அக்கா."

எவர்சில்வருக்கு நான் எங்கே போவேன்? தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்டேன். செங்கமலத்தின் கல்யாணத்துக்கு வாங்கிய சீர்ப் பாத்திரங்கள் காகிதம் பிரிக்காமல் இருந்தன. ருக்மிணி தூங்கிக்கொண்டிருந்தாள். செங்கமலமே ஒன்றை எடுத்துத் தட்டிக்கு மேலாக நீட்டினாள்.

"பத்திரம் மாமி. அண்ணா நேத்துதான் பேர் வெட்டி வாங்கிண்டு வந்தா."

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். யாராவது அதைப் படிப்பார்களா? கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப்போனால் மட்டும் படிப்போம்.

கொட்டகையில் முதல் வரிசையில் பட்டாபிராமன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சம்பந்தி ஸ்ரீனிவாசராகவன். முகூர்த்தப் பேச்சுக்காக வந்தவரை, "நம்ம ஊர் நாடகம், பாத்துட்டுப் போகலாம்" என்று பட்டாபிராமனே அழைத்து வந்திருந்தார். நான் பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை. ஆண்கள் பக்கம் கடைசியில் சாலமோன் குடையோடு இருந்ததைப் பிறகுதான் சொன்னார்கள்.

வெங்கடராகவன் எழுதிய கையெழுத்துப் பிரதியை அப்புறம் வாங்கிப் பார்த்தேன். அதில் இப்படி இருக்கிறது: 'டம்ளரைத் தூக்கிப் பிடிக்கிறான். அதில் வெட்டியிருக்கும் பெயரைப் படிக்கிறான். விம்முகிறான்.' பெயர் என்னவென்று அவன் எழுதவில்லை. ஒத்திகையில் எல்லோருக்கும் மங்களம் என்றுதான் தெரியும்.

ஆனால் உலகநாதன் தந்தி ஆபீஸ்காரர். பதினைந்து வருஷமாக, வந்த எழுத்தை வந்தபடி படித்து வந்தபடி அடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். அர்த்தம் அவர் இலாகா இல்லை. டம்ளரைப் பெட்ரோமாக்ஸ் பக்கம் திருப்பினார். முதல் எழுத்தே 'ம' இல்லை. ஒரு நொடி தயங்கினார். கண்ணைச் சுருக்கினார். கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"செங்... க... ம... லம்."

பிறகு பிரதியில் எழுதியிருந்தபடி விம்மினார்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்போம். எனக்குப் பின்னால் ஒருத்தி, "பட்டாபி தங்கச்சி பேராச்சே" என்றாள். இன்னொருத்தி, "நான் போன வருசமே நெனச்சேன்" என்றாள். அவள் போன வருஷம் நாடகத்துக்கே வரவில்லை. அங்கிருந்து பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று: ஓட்டல், கடைசி பெஞ்சு, வாத்தியார், பஸ். ஸ்ரீனிவாசராகவன் எழுந்திருக்கவில்லை. அங்கவஸ்திரத்தைச் சரியாக நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு படுதா விழும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஓட்டலில் சண்டை இல்லை. இரண்டாம் வருஷத்து நாடகம் முதல் வருஷத்தைவிட ஒசத்தி என்று ஊர் ஒரே குரலாகச் சொல்லிவிட்டது.

6

ஜாதகம் புதன்கிழமை தபாலில் திரும்பி வந்தது. கூடக் கடிதம் எதுவும் இல்லை.

சாலமோன் திங்கட்கிழமையும் நாலரை மணிக்கு வந்தார். இடுக்கு வழியாகப் பார்த்தேன். குடையை நிறுத்தினார், மோவாயை வைத்தார். சப்ளையர் அவரைத் தாண்டி இரண்டு தரம் போனான். உள்ளே பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் ருக்மிணியின் கை இருந்தது, வளையலிலிருந்து தெரிந்தது. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் எழுந்து போனார். பிறகு வரவில்லை. நாலு நாளில் பட்டாபிராமன் தட்டியின் மேல் தகரம் அடித்தார்.

அந்த வாரமே காசியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஓட்டலுக்கு வாழையிலை போடுகிறவள். எனக்கும் இரண்டு ஏடு போட்டுவிட்டுக் கிணற்றடியில் குந்தினாள்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு வாத்தியாருக்குச் சக்கரை தூக்கலாப் போட்டுச்சின்னு நீங்கதான் சொன்னீங்களாமே?"

"போட்டாளே. என் கண்ணால பாத்தேன்."

"எனக்குந்தான் ரெண்டு கரண்டி போடும். வண்டிக்காரக் கருப்பனுக்கும் போடும். எங்களையெல்லாம் கட்டிக்கப் பாத்துச்சா?"

நான் அவள் போட்ட இரண்டு ஏட்டையும் எண்ணிப் பார்த்தேன்.

"பின்னாடி ஒண்ணுன்னா இன்னான்னு நெனச்சினு இருந்தீங்க?"

"பின்னாடி பெஞ்சுக்கு ஒண்ணு."

காசியம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. இலைக்கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"பெஞ்சு இல்லம்மா. டிகாசன். பில்டர்ல ஒரு தரம் எறக்கிட்டு மறுக்கா தண்ணி ஊத்தி எறக்குவாங்களே, பின்னாடி வர்றது. எங்க ஆளுங்க யாரு வந்தாலும் அதான். நாங்க உள்ள வரக்கூடாதுன்னு மின்ன போர்டு மாட்டினு இருந்தாரு. சட்டம் வந்ததும் போர்டைக் கயட்டிட்டாரு. டிகாசனைக் கயட்டல. அந்தப் பொண்ணுக்கு மனசு கேக்கல, வெறுந்தண்ணிய எப்டிக் குடுக்கறதுன்னு ஒரு கரண்டி கூடப் போட்டுச்சி. அதுக்குப் போயி இன்னா பேரு கட்டிட்டீங்க."

"வாத்தியாருக்கு அது தெரியுமா?"

"தெரியாதா? படிச்சவரு. தெரிஞ்சிதான் குட்ச்சாரு. வேற எங்க போவாரு, எல்லா ஓட்டல்லயும் அதே தண்ணிதான்."

எங்கள் வீட்டில் நான் காசியம்மாளுக்குக் காப்பி கொடுப்பதுண்டு. அன்றைக்கும் கொடுக்க எழுந்தேன். எந்த டிகாஷனை எடுக்கப் போகிறேன் என்று என் கை நின்றது. அவள், "வேணாம்மா" என்று எழுந்துவிட்டாள்.

7

இனி முடிவு.

(அ) செங்கமலமும் சாலமோனும் மகாபலிபுரத்தில் அவருடைய அக்கா வீட்டில் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இது வெங்கடராகவன் மூன்றாம் வருஷத்துக்கு எழுதத் தொடங்கியது. முதல் வருஷத்து ரசிகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த இருவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட எனக்குத் தெரியாது.

(ஆ) கொளவாய் ஏரி. விடியற்காலை. கரையில் ஒரு —

(மாட்டேன். இரண்டாம் வருஷத்து ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.)

(இ) ஒருவேளை அவர் மேல் அவளுக்குப் பிரியம் இருந்தே இருக்கலாம். எல்லோருக்கும் போட்ட இரண்டு கரண்டியில் அவருக்குப் போட்டது மட்டும் வேறு மாதிரி இருந்திருக்கலாம். காசியம்மாள் சொன்ன பிறகும் இப்படி ஒன்று எனக்குத் தோன்றுகிறது பாருங்கள். என்னைப் போன்றவர்களைத் தகரம் அடித்துத் தடுக்க முடியாது.

நீங்களும் ஒரு முடிவு வைத்திருப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பக்கத்தில் வந்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். வெங்கடராகவன் கேட்டபோது நான் முதல் தடவையாக "தெரியாது" என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

8

தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உலகநாதனுக்கு அதே வருஷம் ஆவணியில் கல்யாணம். கடைசிக் காட்சியில் அவர் விம்மியதைப் பார்த்து மனம் உருகிப் பெண் கொடுத்தார்கள். சாலமோனைப் பள்ளிக்கூடத்து மேனேஜர் கடற்கரைப் பக்கம் ஒரு ஓராசிரியர் பள்ளிக்கு மாற்றினார். அங்கே ஜெசிந்தா என்ற நர்சைக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டிலேயே காப்பி குடிக்கிறார் என்று காசியம்மாள் சொன்னாள். வெங்கடராகவன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் வருஷம் நாடகம் இல்லை. ஸ்ரீனிவாசராகவனின் பிள்ளைக்குக் காஞ்சீபுரத்தில் பெண் எடுத்தார்கள்.

செங்கமலத்தை ருக்மிணியின் தமையன் வீட்டுக்கு, வடக்கே நாகபுரிக்கு, அனுப்பினார்கள். அங்கே பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசை வேண்டியிருந்ததாம். புறப்படுகிற அன்று பகல் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். அவள் முழு முகத்தை நான் அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். வர்ணிக்க மாட்டேன். கையில் ஒரு துணிப்பை. அதன் வாய்ப்பக்கம் காய்ந்த மாலையின் நார் தெரிந்தது. கல்யாணம் ஆனால் திருவிடந்தைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, கூட எடுத்துக்கொண்டு போகிறாள்.

"மாமி, அந்த டம்ளர் உங்காத்துல இருக்கா?"

அது எனக்குப் பின்னால், அரிசி டின்னுக்குள் இருந்தது. மறுநாளே உலகநாதன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்தப் பெயரை என் கையால் அவளிடம் நீட்டும் தைரியம் வரவில்லை.

"இல்லையேடி. நாடகக்காராளோட போயிடுத்து போலிருக்கு."

"சரி மாமி" என்றாள். கோபமில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிறவள் போலச் சொன்னாள். "பேர் வெட்டினதுதானே. யார் கையில கிடைச்சாலும் படிச்சுப் பாத்துக் கொண்டுவந்து கொடுத்துடுவா."

பாசஞ்சர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். போன வருஷம் அவளுக்கு நாகபுரியில் கல்யாணம் ஆகிவிட்டது என்றார்கள். ஆகவில்லை என்றும் சொல்கிறார்கள். ஆகியிருந்தால் மாலையைச் செலுத்த ஜோடியாக இந்த ஸ்டேஷனில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். இதுவரை யாரும் அப்படி இறங்கியதாக என் காதுக்கு வரவில்லை.